மூடிமேல் இருந்த மை

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் கம்பெனியில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்யும் டைவராகச் சேர்ந்தவள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் வகுப்பு எடுக்கிறாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் ஒரு பழைய கல்குவாரியில் பயிற்சி, பாடம் மட்டும் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் ஹாலில்.

"சார், நீங்க இங்கதானே இருக்கீங்க. குகை, சுரங்கம் மாதிரி எடத்துல எறங்கறதுக்கு ரெகுலேட்டர் எப்படிப் பாத்து வாங்கணும்னு ஒரு மணி நேரம் பேசுங்களேன். பசங்க போன்ல லிஸ்ட்டப் பாத்துட்டு எது பெஸ்ட்டு, எது பெஸ்ட்டுன்னு என் உயிர எடுக்கறாங்க" என்றாள்.

சரி என்றேன். ரெகுலேட்டர் என்றால் டைவருக்குச் சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் கருவி. பாடத்துக்கான படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாள். நாலைந்து படங்களைத் தள்ளியிருப்பேன். கருகிப்போன ஒரு ரெகுலேட்டர் வந்து நின்றது. பக்கத்தில் கயிற்றில் தொங்கும் பச்சை மூடி. மூடிமேல் கறுப்பாக ஒரு பொட்டு. மேலே கொட்டை எழுத்தில் 'மூடநம்பிக்கையால் வந்த விபத்து' என்று தலைப்பு. கீழே பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மஞ்சள் பொம்மை.

காபி டம்ளரை நான் வைத்த வேகத்தில் மேசையெல்லாம் சிந்தியது. அந்த மூடி எனக்குத் தெரியும். அந்தப் பொட்டை வைத்த விரலும் தெரியும். அந்த ரெகுலேட்டர் பற்றி எரிந்தபோது, அது தரப்போகும் மூச்சுக்காகத் தண்ணீருக்குள் காத்துக்கொண்டிருந்தவனே நான்தான். என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் அதை ஒரு சிரிப்புப் படமாக வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்றால், இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா இல்லையா?

உடனே அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தை எடு என்றேன். "இது ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்ற பாடம் சார், நானா எதையும் எடுக்க முடியாது. நீங்க வந்து உங்க பக்கத்தச் சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றாள். அவளைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அவள் சேர்வதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது அது.

என் பக்கம் என்று ஒன்று கிடையாது. நடந்தது மட்டும்தான் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டைவர் ஆன கதை பெரிய கதையில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கிணற்றில் மோட்டாரின் அடிவால்வு சிக்கிக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துவிடுவேன். அதைப் பார்த்த ஒருவர் கம்பெனியில் சேர்த்துவிட்டார். கடலோரத்தில் சில மாதம் பயிற்சி. உப்புத் தண்ணீர் குடித்ததும் வாந்தி எடுத்ததும்தான் அதில் நினைவிருக்கிறது. அதன் பிறகு அணைகள். மதகுக் கதவு இறங்காமல் நிற்கும், சுரங்கத்தின் வாயில் மரமும் குப்பையும் அடைத்திருக்கும். அதையெல்லாம் தண்ணீருக்குள் போய்ச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை.

கடலில் ஏதாவது கோளாறு என்றால் மேலே வந்துவிடலாம். அணைச் சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே இருப்பது கான்கிரீட். வந்த வழியேதான் திரும்ப வேண்டும். குகையும் அப்படித்தான். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறாதவன் எந்த ரெகுலேட்டர் வாங்கினாலும் வீண்.

ரெகுலேட்டர் என்பது இரண்டு பாகம். சிலிண்டரில் மாட்டுவது ஒன்று, உள்ளே கட்டுக்கடங்காத அழுத்தத்தில் இருக்கும் காற்றைக் குறைத்து அனுப்பும். வாயில் கவ்விக்கொள்வது இன்னொன்று, நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைக் கொடுக்கும். நடுவில் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குத்தான் பையன்கள் கலரையும் பெயரையும் பார்த்து மயங்குகிறார்கள்.

எங்களுக்கு ரெகுலேட்டர் பார்க்கக் கற்றுத் தந்தவர் சூப்பர்வைசர் ராஜகோபால் சார். வேலூர்க்காரர், ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. டைவுக்கு முன்னால் ஒரு மேசையில் வெள்ளை வேட்டித் துண்டை விரிப்பார். அதன்மேல் ரெகுலேட்டர்களை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் கசிவு கேட்கிறதா என்று பார்ப்பார். பிறகு தன் வாயில் வைத்து இழுப்பார். அவர் மூச்சு விட்டுப் பார்க்காத ரெகுலேட்டரை எங்கள் வாயில் வைக்க விடமாட்டார். "நான் மொதல்ல எச்சில் பண்ணிடறேன்பா, அப்பறம் நீ பண்ணு" என்று சிரிப்பார்.

பிறகு நம்மைக் கண்ணை மூடச் சொல்வார். வாயிலிருக்கும் ரெகுலேட்டரைத் திடீரென்று பிடுங்கிவிடுவார். "இது போயிடுச்சி. அடுத்தது எங்க?" என்று கேட்பார். கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் இன்னொன்றை நாம் தடவாமல் எடுத்துக் கவ்வ வேண்டும். தடவினால் அன்றைக்கு இறக்கமாட்டார். திட்டவும் மாட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டலுக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

கிளாம்ப் வைத்து இறுக்கும் வகையை அவர் சுரங்கத்துக்குள் அனுமதித்ததே இல்லை. கூரையில் ஒரு இடி இடித்தால் கிளாம்ப் நகர்ந்துவிடும், காற்று சீறிக்கொண்டு போய்விடும். திருகி உள்ளே இறக்கும் வகைதான் வேண்டும். சிலிண்டரில் மாட்டும் பாகத்துக்குள் வெளித்தண்ணீர் புகும் வகையையும் ஒதுக்கிவிடுவார். அணைத் தண்ணீர் பாதி சேறு, அந்த ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாட்டியிருக்கும் இரண்டில் ஒன்றின் ஹோஸ் ஆளைவிட நீளமாக இருக்க வேண்டும். கூட வருகிறவனுக்குக் காற்றுத் தீர்ந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் குறுகலான வழியில் ஒருவர் பின் ஒருவராக நீந்தி வரலாம். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளூரில் பிரித்து மாட்ட முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா என்று பார்ப்பார். உலகத்திலேயே உசத்தியான ரெகுலேட்டராக இருந்தாலும் ஒரு வாஷருக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டுமென்றால் அவர் தொடமாட்டார்.

இதையெல்லாம் அவரிடம்தான் கற்றேன். மறுக்கவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியாகிறது. ஒன்றும் தெரியாதவன் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஆக்சிஜனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்தவன் ஒரேயடியாக மேலே வரக்கூடாது. உடம்பில் ஊறிய நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிப் போட்டுவிடும். அதனால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, இருபது அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். மேலேயிருந்து ஆக்சிஜன் சிலிண்டரை இறக்குவார்கள். அதை மூச்சுவிட்டால் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும்.

ஆனால் சுத்த ஆக்சிஜன் காற்று மாதிரி சாதுவல்ல. சிலிண்டரின் அந்த அழுத்தத்தில் ஒரு துளி எண்ணெயோ சாதாரண கிரீஸோ வழியில் இருந்தால் போதும், தீக்குச்சியே வேண்டாம், வால்வைத் திறந்த உடனே பற்றிக்கொள்ளும். அதனால் ஆக்சிஜனுக்கென்று தனி ரெகுலேட்டர், உள்ளே அதற்கென்றே உள்ள, பற்றிக்கொள்ளாத தனி கிரீஸ், அடையாளத்துக்குப் பச்சை மூடி. புதிதாக ஒன்று வந்தால் ராஜகோபால் சார் தானே அதைப் பிரித்து, வெள்ளைத்துணியை உள்ளே விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். துணியில் ஒரு கறை தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தயார் செய்து இறக்கும் வேலை ஏழுமலையுடையது. அடி அண்ணாமலைக்காரன், என் வயதுதான். நல்ல டைவர். ஆனாலும் மேலே நின்று பார்த்துக்கொள்ளும் வேலையை அவனிடம்தான் கொடுப்போம், அவ்வளவு நிதானம். வால்வைத் திறக்கும்போது ஒவ்வொரு கால் திருப்புக்கும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒருமுறை முழுதாகச் சொல்லுவான். ஆக்சிஜன் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும் என்பது விதி. அவன் அந்த விதியைச் சாமி பெயரில் கட்டிப் போட்டிருந்தான்.

அவனிடம் ஒரு சின்ன டப்பா இருக்கும். தீபத்தன்று மலைமேல் ஏற்றும் கொப்பரையில் நெய்யும் திரியும் எரிந்து மிஞ்சுகிற கரியை மையாக்கிக் கோயிலில் பிரசாதமாகத் தருவார்கள் அல்லவா, அந்த மை. வேலைக்கு முன்னால் தன் நெற்றியில் ஒரு பொட்டு, என் நெற்றியில் ஒரு பொட்டு, மாட்ட எடுக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

நான் அவனோடு சண்டை போட்டேன். "யோவ், அது நெய்யி. ஆக்சிஜன்கிட்ட கொண்டாந்தா நம்மளே ஜோதி ஆயிடுவோம்யா" என்றேன். அவன் முறைத்தான். "அவுரு மை நம்மள எரிக்குமா?" என்றான். கடைசியில் ராஜகோபால் சார்தான் நடுவில் வந்து ஒரு ஏற்பாடு செய்தார். மையை மூடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் வைக்கலாம். அந்த மூடி தூசி போகாமல் இருப்பதற்கு. சிலிண்டரில் மாட்டும்போது கழற்றிவிடுவோம், கயிற்றில் தனியாகத் தொங்கும். பொட்டு வைத்த பிறகு ஏழுமலை சோப்பு போட்டுக் கையைக் கழுவி, என்னிடம் முகரக் கொடுக்க வேண்டும். நெய் வாசனை இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு வேலை. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒரு நாள்கூட அவன் கழுவாமல் வந்ததில்லை.

அந்த நாள் வந்தது அண்டை மாநிலத்து மலை அணை ஒன்றில். மழைக்கு முன்னால் மதகை விடுவிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி. பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டர்களைச் சர்வீசுக்கு அனுப்பியிருந்தோம். பதிலுக்குக் கம்பெனி வாங்கி அனுப்பிய புதுசு மூன்று அன்று காலையில் வந்திறங்கியது. மூன்றிலும் பளபளவென்று பச்சை மூடி. வெள்ளைத்துணி விரிக்கப்படவில்லை.

"சார், தொறந்து பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பச்ச மூடி போட்டுதானேப்பா வந்துருக்கு. டைம் இல்ல, நீ எறங்கு" என்றார்.

அவர் வாயிலிருந்து 'டைம் இல்ல' என்று நான் கேட்டது அன்றுதான். ஏழுமலை தன் வழக்கப்படி, முதலில் மாட்ட எடுத்த ரெகுலேட்டரின் மூடியில் பொட்டு வைத்தான், கையைக் கழுவினான், முகரக் கொடுத்தான். வெறும் சோப்பு வாசனைதான். நானும் என்னோடு வந்தவனும் இறங்கினோம்.

கீழே வேலை முடிந்து, ஏறி வந்து, கயிற்றில் தொங்கினோம். ஆக்சிஜன் வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஏழுமலை நிற்கும் மிதவையின் நிழல் ஒரு குலுக்குக் குலுங்கியது. அதன் மேல் ஆட்கள் ஓடுவது தண்ணீருக்குள்ளேயே அதிர்ந்தது. பிறகு கயிறு இழுபட்டது, 'அங்கேயே இரு' என்று அர்த்தம். ஆக்சிஜன் வராமல் போனால் சிலிண்டரில் இருக்கும் காற்றைக் கொண்டே கூடுதல் நேரம் தொங்கிச் சமாளிப்பது எங்கள் முறை, அதற்கும் சேர்த்துத்தான் காற்று எடுத்துப் போவோம். அப்படியே தொங்கினேன். மேலே யாருக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, ஏறவும் முடியவில்லை.

மேலே வந்தபோது ஏழுமலையை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வால்வைத் திறந்தவுடன் ரெகுலேட்டர் நெருப்பைக் கக்கியிருக்கிறது. வலது கை மணிக்கட்டு வரை வெந்து, கன்னமும் புருவமும் கருகிவிட்டன. பிறகு அந்தக் கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இன்றும் அவன் சாப்பிடுவது இடது கையால்தான்.

மிதவைப் பலகையில் கருகிக் கிடந்தது ரெகுலேட்டர். பக்கத்தில் மூடி தொங்கியது. மூடிமேல் பொட்டு வைத்தது வைத்தபடி, கலையாமல், உருகாமல் இருந்தது. எரிந்தது உள்ளே. மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் இன்று வகுப்பில் காட்டுகிறார்கள். மை எரியவே இல்லை என்பதற்கு அந்தப் படத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பார்க்கிறவர்களுக்குக் கண் எங்கே போயிற்று?

மற்ற இரண்டு ரெகுலேட்டர்களையும் அன்றே நான் பிரித்தேன். இரண்டிலும் உள்ளே பழுப்பாக, வழித்து எடுக்கிற அளவுக்கு, மெக்கானிக் கடையில் தடவுகிற சாதாரண கிரீஸ். யாரோ பழைய காற்று ரெகுலேட்டரைப் புதுப்பித்து, கிரீஸை அப்பி, பச்சை மூடியை மாட்டி ஆக்சிஜன் ரெகுலேட்டர் என்று விற்றிருக்கிறான். கம்பெனியும் மூடியின் கலரைப் பார்த்து வாங்கியிருக்கிறது. வெள்ளைத்துணியை ஒரு தடவை உள்ளே விட்டிருந்தால் அன்று காலையிலேயே தெரிந்திருக்கும்.

விசாரணை நடந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். ராஜகோபால் சார் எப்போதும் போல் மெல்லிய குரலில் சொன்னார்: "அவன் நல்ல பையன்தான் சார். ஆனா இந்த மை வெக்கற பழக்கம். நான் எவ்வளவோ சொன்னேன். கையில ஒட்டினது உள்ள போயிருக்கும்."

ஏற்பாடு செய்தவரே அவர். கை கழுவச் சொன்னவரே அவர். நான் எழுந்து அந்த இரண்டு ரெகுலேட்டர்களையும் மேசைமேல் வைத்தேன். "இந்த ரெண்டுக்கும் எவனும் பொட்டு வெக்கல சார். இதுக்குள்ள இருக்கற கிரீஸு எந்தச் சாமி பிரசாதம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அதிகாரி ராஜகோபால் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்க்காமலே, "அது வேற விஷயம்பா. இங்க நடந்தது ஒண்ணு, நீ பேசறது ஒண்ணு. ஒக்காரு" என்றார். முடிந்தது. மை என்று முடிவு கட்டினார்கள். அந்த இரண்டு ரெகுலேட்டர்களும் மறுநாள் எங்கள் சாமான் கொட்டகையில் இல்லை. கிரீஸை அப்பி விற்றவனைக் கேட்க நாதியில்லை. வாங்கியவனைக் கேட்க நாதியில்லை. பார்க்காமல் விட்டவரைக் கேட்க நாதியில்லை. வெந்துபோனவன்தான் குற்றவாளி. சாமி கும்பிடுகிறவன், அதிகம் படிக்காதவன், கிராமத்தான். அவன் தலையில் கட்டிவிட்டால் எல்லோருக்கும் நம்பச் சுலபம், கேட்டுச் சிரிக்கவும் சுலபம்.

அதற்குப் பிறகு ராஜகோபால் சாரின் மேசைக்கு என் ரெகுலேட்டர் போனதே இல்லை. நானே பிரித்தேன், நானே பார்த்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஏழுமலையே அதை நம்பிவிட்டான். ராஜகோபால் சார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மைதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார். சார் சொன்னால் அவனுக்கு அதற்குமேல் பேச்சில்லை. கிரீஸைப் பற்றி நான் எத்தனையோ முறை சொன்னேன். "நீ என் மனசு தேறட்டும்னு சொல்ற. உடு பா" என்பான். கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் விற்கிற ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். கோயிலில் மை கொடுக்கும்போது வரிசையில் நிற்கமாட்டான். தன் கைக்கு அந்த அருகதை இல்லையாம். ஒருத்தனின் கையைச் சுட்டது போதாதென்று அவனுக்கும் அவன் சாமிக்கும் நடுவிலும் புகுந்துவிட்டார்கள். இந்த அநியாயத்தை எந்தக் கணக்கில் வைப்பது? சார் இறந்தபோது ஏழுமலை வேலூர் வரை பஸ்ஸில் போய் மாலை போட்டுவிட்டு வந்தான். நான் போகவில்லை.

நித்யாவின் வகுப்பைப் பற்றிச் சொல்லி அழைத்ததும் வருகிறேன் என்றான். நான் அவனை அழைத்ததற்குக் காரணம், படத்தைக் காட்டுகிறவர்கள் ஆளையும் பார்க்கட்டும் என்று. அவன் வந்ததற்குக் காரணம் வேறு. "என் கையப் பாத்தாவது பசங்க ஜாக்கிரதையா இருக்கட்டும்" என்றான்.

என் பேச்சு மதியத்துக்கு மேல். காலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஏழுமலை துண்டால் வலது கையை மூடியிருந்தான். என் நண்பர் என்று மட்டும் நித்யாவிடம் சொல்லியிருந்தேன், மற்றதை என் முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று.

அந்தப் படம் திரையில் வந்தது. "பிரசாதத்த நெத்தியில வெச்சிக்கணும், ரெகுலேட்டர்ல வெக்கக் கூடாது" என்று ஒரு பையன் சொல்ல, ஹாலே சிரித்தது. ஏழுமலையும் சேர்ந்து சிரித்தான். நான் எழப்போனேன். அவன் இடது கையால் என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சும்மா இரு பா. அவங்க கத்துக்கட்டும்" என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நித்யா அடுத்ததற்குப் போனாள். ஆக்சிஜனுக்கு ரெகுலேட்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது என்ற பாடம். நன்றாகவே சொன்னாள். "பச்ச மூடியப் பாத்து நம்பாதீங்க. எந்த மூடிய வேணும்னாலும் எதுல வேணும்னாலும் மாட்டலாம். கட்டாயம் பிரிச்சுப் பாருங்க. உள்ள சாதா கிரீஸு இருந்துச்சின்னா, வால்வ எவ்வளவு மெதுவா தெறந்தாலும் பத்திக்கும்."

பக்கத்தில் ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"அம்மா, ஒரு சந்தேகம். வெளிய மூடி மேல மை இருக்குது. உள்ள சாதா கிரீஸும் இருக்குது. ரெண்டுத்துல எதும்மா பத்தும்?"

"உள்ள இருக்கறதுதாங்கய்யா. மூடியக் கழட்டித் தொங்க உட்டுடுவோமே, அது வழியா ஆக்சிஜன் போகாது."

"கையில மை ஒட்டி இருந்தா?"

"கைய நல்லா கழுவலன்னா ஆபத்துதாங்க."

"சோப்பு போட்டுக் கழுவி, இன்னொருத்தர் மோந்து பாத்து, வாசன இல்லன்னு சொல்லிட்டா?"

நித்யா கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா மை மேல சந்தேகமே வராதுங்கய்யா. உள்ளதான் தெறந்து பாப்பேன்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை அவன் தோளிலிருந்து நழுவிய துண்டின் கீழே போயிற்று. அந்தக் கையைப் பார்த்தாள். படத்தை நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் பிரேக்" என்றாள்.

எங்களிடம் வந்து, "ஐயா, அந்தப் படம் இனிமே என் வகுப்புல வராது. ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கறேன்" என்றாள். ஏழுமலை அவளுக்குத் தலையசைத்தான். அவன் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

வெளியே வந்து லாட்ஜ் வாசலில் நின்றோம். எதிர்க்கடையில் டீ சொன்னேன். எனக்குச் சந்தோஷம் கூட வந்தது, கடைசியில் உனக்குப் புரிந்ததே என்று. நான் சொல்லி நம்பாததை அந்தப் பெண் சொன்னதும் நம்பிவிட்டாயே என்று கேலி செய்யவும் வாயெடுத்தேன். அவன் டீயைத் தொடவில்லை.

"சார் உள்ள பாக்கவே இல்லியா அன்னிக்கி?" என்றான்.

"இல்ல. நான் கேட்டேன். டைம் இல்லன்னுட்டார்."

"அது அவருக்குத் தெரியும் இல்ல? ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப தெரியும் இல்ல?"

"நல்லாத் தெரியும்" என்றேன்.

அவன் ஒட்டிப்போன அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் மைதான்பா காரணம்னு சொல்லிட்டு, கட்டில் கம்பியப் புடிச்சிக்கினு அப்படி அழுதாருபா. எனக்காக அழறாருன்னு நெனச்சேன். அழாதீங்க சார், தப்பு என்னுதுதான்னு நான் சொன்னேன். கட்டு போட்ட இந்தக் கையாலயே அவரு கண்ணத் தொடச்சி உட்டேன்."